வன்னிக்கு ஏற்ற சிறு வண்டி எது? வகைகளும் தெரிவும்

ஏ9 வீதியால் பயணம் செய்வோரில் பெரும்பாலானோர் முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் ஒரு தடவை இறங்காமல் செல்வதில்லை. சாரதி தேங்காய் உடைப்பார். பயணிகள் கச்சான் வாங்குவர். இதில் இன, மத வேறுபாடு காணப்படுவதில்லை. அங்கு அரை மணி நேரம் நின்று வீதியைக் கவனித்தால் வன்னியின் பொருளாதாரத்தை ஓரளவு விளங்கிக்கொள்ளலாம். நெல் மூடைகளுடன் பெட்டி பூட்டிய உழவு இயந்திரம், றெஜிபோம் பெட்டியில் மீன் கொண்டு செல்லும் மோட்டார் சைக்கிள், மரக்கறி ஏற்றிய பட்டா, பாடசாலைப் பிள்ளைகளைச் சுமந்த முச்சக்கரவண்டி, இவற்றுக்கிடையே மெல்ல ஊர்ந்து செல்லும் லாண்ட்மாஸ்டர் என ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் பிழைப்பாக அமைந்துள்ளது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் வாழும் தமிழ் பேசும் மக்களைப் பொறுத்தவரை, வீட்டுக்கு அடுத்தபடியாக அதிகப் பணம் செலவிட்டு வாங்கப்படும் பொருள் வாகனமே எனலாம். அதனைச் சரியாகத் தெரிவு செய்தவர் இரண்டு, மூன்று ஆண்டுகளில் தலைநிமிர்கின்றார். பிழையாகத் தெரிவு செய்தவர் வாகனத்தையும் இழந்து, கட்டிய தவணைப் பணத்தையும் இழந்து, கடனாளியாகவும் நிற்கின்றார். ஆகவே எந்த வண்டி எந்தத் தொழிலுக்குப் பொருந்தும், அதனை எவ்வாறு வாங்க வேண்டும் என்பன பற்றி இங்கு நோக்குவது பயனுடையதாகும்.

வண்டிலிலிருந்து இயந்திரம் வரை

வன்னியின் பழைய வாகனம் மாட்டு வண்டிலாகும். வயலுக்கு எருக் கொண்டு செல்வதற்கும், சூடு மிதித்த நெல்லை வீட்டுக்குக் கொண்டு வருவதற்கும், வற்றாப்பளை கண்ணகி அம்மன் கோவில் வைகாசிப் பொங்கலுக்குக் குடும்பத்தோடு செல்வதற்கும் அதுவே உதவியது. பின்னர் குடியேற்றத் திட்டங்களோடு உழவு இயந்திரங்கள் வந்தன. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் எரிபொருள் கிடைக்காத நிலையில், சில துளி பெற்றோலால் இயந்திரத்தை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டும் வித்தையை வன்னி மக்கள் கற்றுக்கொண்டனர். அக்காலத்தில் துவிச்சக்கரவண்டியே விறகு வண்டியாகவும், சரக்கு வண்டியாகவும், அம்புலன்சாகவும் இருந்தது.

1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் வீடு, காணி, கடை என்பவற்றோடு தமது தொழில் வாகனங்களையும் விட்டுச் செல்ல நேர்ந்தது. 2009 இல் தமிழ் மக்கள் இறுதிவரை இழுத்துச் சென்ற உழவு இயந்திரங்களும் துவிச்சக்கரவண்டிகளும் முள்ளிவாய்க்கால் கரையோரத்தில் குவியல் குவியலாகக் கைவிடப்பட்டன. மீள்குடியேறிய இரு சமூகத்தவரும் வாகனம் என்ற வகையில் பெரும்பாலும் ஒன்றுமில்லாத இடத்திலிருந்தே மீண்டும் தொடங்கினர். போருக்குப் பின்னரான முதலாண்டுகளில் இந்திய அரசாங்கம் வடக்கிற்கு 500 உழவு இயந்திரங்களையும் 10,000 துவிச்சக்கரவண்டிகளையும் வழங்கியது. ஏனைய தேவைகளைப் பெரும்பாலும் கடனும் லீசிங்கும் நிரப்பின. இன்றும் அவ்வாறே நிரப்புகின்றன.

முதலில் தொழில், பின்னர் வண்டி

வாகனம் வாங்க எண்ணுபவர் கடைக்குச் செல்வதற்கு முன்னர் ஒரு தாளில் நான்கு விடயங்களை எழுதிக்கொள்ள வேண்டும். ஏற்றவுள்ள பாரம் எவ்வளவு? நாளொன்றுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓட வேண்டும்? வீதி தார் வீதியா, கிறவல் வீதியா, வயல் வரம்பா? வருடத்தில் எத்தனை மாதங்களுக்கு வேலை உண்டு?

நான்காவது கேள்வியே பலர் கேட்க மறப்பதாகும். வன்னியில் வேலை காலபோகம், சிறுபோகம் என இரு பருவங்களாக வருகின்றது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான மாரி மழையில் உள்வீதிகள் சேறாகின்றன. காலபோக அறுவடை முடிந்து நெல் விற்கப்படும் மாதங்களில் கையில் பணம் புழங்கும். ஏனைய மாதங்களில் புழங்காது. தவணைப் பணமோ பன்னிரண்டு மாதமும் கட்டப்பட வேண்டியதாகும். குளத்தில் நீர் குறைந்து சிறுபோகம் கைவிடப்படும் ஆண்டில் உழவு இயந்திரத்துக்கும் வேலை இல்லை என்பதை இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு ஆகிய குளங்களின் கீழ் வாழ்வோர் நன்கு அறிவர்.

லாண்ட்மாஸ்டர்

இருசில்லு உழவு இயந்திரத்தையே எமது மக்கள் லாண்ட்மாஸ்டர் என அழைக்கின்றனர். பொதுவாக 8 முதல் 15 வரையான குதிரைவலு கொண்ட, ஒற்றைச் சிலிண்டர் டீசல் இயந்திரம் இதில் பொருத்தப்பட்டிருக்கும். சுழல் கலப்பை பூட்டினால் உழும். பெட்டி பூட்டினால் சுமார் ஒரு தொன் பாரம் இழுக்கும். பட்டி மாட்டினால் நீர் இறைக்கும். இரண்டு, மூன்று ஏக்கர் வயலும் சிறிது மேட்டுநிலமும் உள்ள குடும்பத்துக்கு இதனைவிடப் பொருத்தமான வண்டி இல்லை. டீசல் செலவு குறைவு. பழுது பார்ப்பவர் ஒவ்வொரு சந்தியிலும் உள்ளார்.

இதன் குறைகளையும் அறிந்திருத்தல் வேண்டும். வேகம் மணிக்கு 15 கிலோமீற்றர் அளவிலேயே இருக்கும். எனவே 10 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்துக்குச் சுமை ஏற்றும் தொழிலுக்கு இது உகந்ததல்ல. மற்றையது பாதுகாப்பு. கைபிடியிலுள்ள இரு கிளச்சுகளால் இவ்வண்டி திருப்பப்படுகின்றது. சமதரையில் இடப்பக்கக் கிளச்சை அழுத்தினால் இடச் சில்லுக்குச் செல்லும் விசை துண்டிக்கப்பட்டு வண்டி இடப்பக்கம் திரும்பும். ஆனால் பாரத்தோடு குளக்கட்டிலிருந்து இறங்கும்போது நிலைமை தலைகீழாகின்றது. விசை துண்டிக்கப்பட்ட சில்லு தடையின்றி உருள, மற்றைய சில்லை இயந்திரம் பிடித்து வைத்திருப்பதால் வண்டி எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். புதிதாக ஓட்டுபவர்கள் இதனை அறியாமலேயே பள்ளத்தில் விழுகின்றனர். இறக்கத்தில் கிளச்சைத் தொடாது, வேகத்தை முன்னரே குறைத்து, கைபிடியாலும் பெட்டியின் கால் பிறேக்கினாலும் வண்டியைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்த பின்னரே வண்டியை அவர்களிடம் கொடுத்தல் நன்று.

நான்குசில்லு உழவு இயந்திரம்

35 முதல் 50 வரையான குதிரைவலு கொண்ட நான்குசில்லு இயந்திரங்களே வன்னியில் பெருமளவில் காணப்படுகின்றன. மசி பேர்குசன், சென்னையில் தயாராகும் டாஃபே, மஹிந்திரா போன்ற பெயர்கள் எமது விவசாயிகளுக்குப் பழக்கமானவை. இதன் பெட்டி மூன்று, நான்கு தொன் பாரத்தைத் தாங்கும். உழவு, சூடடிப்பு, நீர்த்தாங்கி இழுத்தல், கல், மண் ஏற்றுதல் எனப் பல வேலைகளுக்கு உதவும்.

ஆயினும் சொந்த வயல் ஐந்து ஏக்கருக்குக் குறைந்த ஒருவர், தனது வயலை நம்பி மட்டும் இதனை வாங்குதல் கட்டுப்படியாகாது. வெளிவயல் உழவு கிடைக்குமா, ஒரே ஊரில் ஏற்கனவே எத்தனை இயந்திரங்கள் உள்ளன என்பவற்றை ஆராய வேண்டும். பத்து விவசாயிகள் உள்ள இடத்தில் எட்டு இயந்திரங்கள் நின்றால் எட்டுப் பேரும் கூலியைக் குறைத்தே ஓட வேண்டியிருக்கும். கமக்கார அமைப்பு அல்லது கூட்டுறவுச் சங்கம் ஊடாக ஓர் இயந்திரத்தைப் பொதுவில் வைத்திருப்பது இத்தகைய ஊர்களுக்குச் சிறந்த வழியாகும்.

இன்னொன்றையும் நாம் வெளிப்படையாகக் கூற வேண்டியுள்ளது. மணல் ஏற்றி விரைவாகக் கடனை அடைத்துவிடலாம் என்ற எண்ணத்தில் உழவு இயந்திரம் வாங்குவோர் உள்ளனர். அனுமதிப்பத்திரமின்றி மணல் ஏற்றி அகப்பட்டால் வாகனம் நீதிமன்றத்தில் நிற்கும், தவணையோ நிற்காது. ஆற்றுப் படுக்கையும் கிணற்று நீரும் பாழாவது வேறு. சட்டவிரோத வருமானத்தைக் கணக்கில் சேர்த்து வாகனம் வாங்குதல் தானே தனக்குக் குழி தோண்டுவதாகும்.

முச்சக்கரவண்டியும் பட்டாவும்

முச்சக்கரவண்டி சாரதியோடு மூவரை ஏற்றுவதற்கு உருவாக்கப்பட்டதாகும். நகரை அண்டியவர்களுக்கு, குறிப்பாக வவுனியா, கிளிநொச்சி நகரங்களுக்கும் வைத்தியசாலைகளுக்கும் அருகில் வாழ்வோருக்கு, இது நாளாந்த வருமானம் தரும். ஒழுங்கான பாடசாலைப் பயணம் பத்துப் பிள்ளைகளுக்குக் கிடைத்தால் மாத வருமானத்தின் அடித்தளம் உறுதியாகும். ஆனால் அப்பத்துப் பேரையும் ஒரே தடவையில் திணித்து ஏற்றுதல் குற்றமும் பாவமுமாகும். நகரிலிருந்து தொலைவான கிறவல் வீதிகளில் இதன் சிறிய சில்லுகளும் தொங்கு பாகங்களும் விரைவில் தேய்ந்துவிடும். தரிப்பிடத்தில் ஏற்கனவே எத்தனை வண்டிகள் நிற்கின்றன என்பதை ஒரு வாரம் அவதானித்த பின்னரே வாங்க வேண்டும்.

பட்டா எனப்படும் சிறிய லொறி, இந்தியாவில் 2005 இல் அறிமுகமான டாட்டா ஏஸ் வகையைச் சேர்ந்ததாகும். அதன் ஆரம்ப வகை 702 சீசீ டீசல் இயந்திரமும் 750 கிலோ பாரம் ஏற்றும் தகுதியும் கொண்டது. முல்லைத்தீவுக் கரையிலிருந்து மீன், விசுவமடுப் பக்கத்திலிருந்து மரக்கறி, வவுனியாவிலிருந்து ஊர் ஊராகத் துணிமணி அல்லது பாத்திரம் எனத் தார் வீதியில் 30, 40 கிலோமீற்றர் ஓடும் வியாபாரிக்கு இது ஏற்றது. சாளம்பைக்குளம் போன்ற முஸ்லிம் கிராமங்களிலிருந்து வியாபாரத்துக்குச் செல்வோருக்கும், தருமபுரம் போன்ற தமிழ்க் கிராமங்களிலிருந்து செல்வோருக்கும் இது பொருந்தும். 750 கிலோ வண்டியில் ஒன்றரைத் தொன் ஏற்றுவோர், இலாபம் எனக் கருதுவதை ரயருக்கும் வில்லுக்கும் பிறேக்குக்கும் திருப்பிக் கொடுக்கின்றனர்.

நாளொன்றுக்கு 50, 60 கிலோவுக்கு மேல் பாரமில்லாத மீன் வியாபாரிக்கோ, பாண் வியாபாரிக்கோ பட்டாவும் தேவையில்லை, முச்சக்கரவண்டியும் தேவையில்லை. பெட்டி பூட்டிய மோட்டார் சைக்கிளே போதுமானது. பெரிய வண்டி வாங்குவதால் வியாபாரம் பெரிதாகிவிடுவதில்லை. வியாபாரம் பெரிதான பின்னரே வண்டி பெரிதாக வேண்டும்.

மின்கல வண்டி

அண்மைக் காலத்தில் மின்கலத்தில் ஓடும் சிறு வண்டிகள் பற்றிய ஆர்வம் அதிகரித்துள்ளது. 2022 எரிபொருள் நெருக்கடி இதற்குப் பிரதான காரணமாகும். அவ்வாண்டு ஜூலையில் கியூஆர் முறை தொடங்கியபோது முச்சக்கரவண்டிக்கு வாரத்துக்கு 5 லீற்றரும், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றருமே கிடைத்தன. 2023 செப்டெம்பரில் அம்முறை நீக்கப்பட்ட போதிலும், எரிபொருளை மட்டும் நம்பி வாழ முடியாது என்ற பாடம் எஞ்சியது.

இவ்வண்டிகளின் மூதாதையாகக் கொள்ளத்தக்கது கோல்ஃப் மைதான வண்டியாகும். 1950களில் அமெரிக்காவில் பெருமளவில் உற்பத்தியாகத் தொடங்கிய இவ்வண்டிகள், இலங்கையில் 1879 இல் தொடங்கிய கொழும்பு, 1889 இல் தொடங்கிய நுவரெலியா கோல்ஃப் கழகங்கள் போன்ற வசதி படைத்தோர் கூடும் இடங்களுக்குரியனவாகவே கருதப்பட்டன. இன்று உலகெங்கும் அவை வேறு பணிக்கு வந்துவிட்டன. ஸ்ரீரங்கம் கோவிலிலும் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்திலும் முதியோரை ஏற்றிச் செல்கின்றன. மக்காவின் ஹரம் ஷரீபில் நடக்க இயலாதோர் தவாபையும் ஸஃயையும் நிறைவேற்ற மின்வண்டிகள் உதவுகின்றன. இந்தியாவின் நகரங்களில் ஓடும் இ-ரிக்‌ஷாவும் இதே தொழில்நுட்பத்தின் எளிய வடிவமே.

இவற்றை மூன்று வகையில் பிரித்து நோக்கலாம். ஆசன அடிப்படையில் இருவர், நால்வர், அறுவர் அமரும் வண்டிகளும், பின்னால் சிறு பெட்டி கொண்ட பாரவண்டிகளும் உள்ளன. இயக்கும் விசையின் அடிப்படையில் பெற்றோல் வண்டிகளும் மின்கல வண்டிகளும் உள்ளன. மின்கல வண்டிகளில் ஈய-அமில மின்கலம் கொண்டவை, இலிதியம் மின்கலம் கொண்டவை என இரு பிரிவுகள் உண்டு.

ஈய-அமில மின்கலம் விலை குறைந்தது. ஆனால் 150 கிலோவுக்கு மேல் பாரமானது. அடிக்கடி வடித்த நீர் ஊற்ற வேண்டும். பாதிக்குக் கீழே மின் இறங்க விட்டால் ஆயுள் குறையும். இலிதியம் மின்கலம் விலை கூடியது. ஆனால் பாரம் குறைந்தது. பல மடங்கு காலம் உழைக்கும். விற்பவர் கூறும் தூரத்தை அப்படியே நம்பாமல் நாமே கணக்கிடலாம். 48 வோல்ற்று, 150 அம்பியர்-மணி மின்கலத் தொகுதி ஏறக்குறைய 7.2 அலகு மின்னைக் கொள்ளும். ஈய-அமிலமாயின் பாதுகாப்பாகப் பயன்படுத்தக்கூடியது அதில் பாதியாகிய 3.6 அலகு ஆகும். ஓர் அலகுக்குச் சமதரையில் சுமார் 10 கிலோமீற்றர் ஓடும் எனக் கொண்டால், மொத்தம் 36 கிலோமீற்றர். மின்கலம் பழசாகும்போது இத்தூரம் குறைந்துகொண்டே செல்லும்.

கோல்ஃப் வண்டியின் சில்லுகள் சிறியவை; அடிப்பாகம் தரைக்கு அண்மையில் இருக்கும். ஆகவே எமது கிறவல் வீதிகளுக்கும் மாரிச் சேற்றுக்கும் அது உகந்ததல்ல. மேலும் பொதுவீதியில் ஓடும் எந்த மோட்டார் வாகனமும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது சட்டமாகும். பதிவிலக்கம் பெற முடியாத வண்டியை வாங்கிவிட்டு முற்றத்தில் நிறுத்தி வைப்பதில் பயனில்லை. மதிலுக்குள் உள்ள இடங்களே இதற்குரியவை. மாவட்டப் பொது வைத்தியசாலைகள், வவுனியாப் பல்கலைக்கழகத்தின் பம்பைமடு வளாகம், கிளிநொச்சி அறிவியல்நகர் பீடங்கள், திருவிழாக் காலத்துக் கோவில் வளாகங்கள் என்பன இவ்வாறானவை. வாசலில் இறக்கிவிடப்பட்ட ஒரு முதியவர் சிகிச்சைப் பிரிவு வரை வெயிலில் நடக்கின்ற காட்சியை நாம் அனைவரும் கண்டிருக்கின்றோம். புலம்பெயர்ந்த உறவுகள் ஊருக்கு உதவ விரும்பினால், வைத்தியசாலை ஒன்றுக்கு ஆறு ஆசன மின்வண்டி ஒன்றையும், அதன் மின்கலத்தை மாற்றுவதற்கான நிதியையும் சேர்த்து வழங்குவது சிறந்த கொடையாக அமையும். மின்கலத்துக்கு நிதி ஒதுக்காத வண்டி சில ஆண்டுகளில் இரும்பாகிவிடும்.

நடக்க இயலாதோருக்கான வண்டி

போரினால் அவயவங்களை இழந்தோரும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டோரும் வன்னியின் ஒவ்வொரு கிராமத்திலும் வாழ்கின்றனர். இவர்களுக்கு வண்டி என்பது தொழிலுக்கு முந்திய தேவையாகும். வீட்டு வாசலைத் தாண்டுவதே அதனால்தான் முடிகின்றது. கையால் சுற்றி ஓட்டும் முச்சில்லு வண்டி, இருபுறமும் உதவிச் சில்லு பூட்டிய ஸ்கூட்டர், மின்கல சக்கர நாற்காலி என்பன இவர்களுக்குரிய வகைகளாகும்.

இத்தெரிவில் முதல் முடிவு பயன்படுத்துபவருடையதாகவே இருக்க வேண்டும். கையின் வலு எவ்வளவு, தானாக ஏறி இறங்க முடியுமா, வீட்டிலிருந்து வீதி வரை மணலா கிறவலா என்பதை அவரே அறிவார். நன்கொடையாளர் விரும்பிய வண்டியை வழங்கிப் படம் எடுத்துச் செல்ல, மணலில் புதையும் மெல்லிய சில்லுடன் அது மூலையில் கிடப்பதை நாம் காண்கின்றோம். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவருக்கு ஆசன மெத்தை மிக முக்கியமாகும். உணர்வற்ற உடலில் படுக்கைப்புண் தோன்றினால் அது உயிராபத்தில் முடியலாம். ஸ்கூட்டரில் உதவிச் சில்லு பூட்டுவோர் அம்மாற்றத்தைப் பதிவு செய்வது பற்றியும், மருத்துவச் சான்றிதழ், சாரதி அனுமதிப்பத்திரம் என்பன பற்றியும் முன்கூட்டியே விசாரித்தல் வேண்டும்.

இலங்கையில் வலுவிழந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 1996 இல் நிறைவேறியது. ஐக்கிய நாடுகளின் சமவாயத்தை 2016 இல் அரசாங்கம் ஏற்று உறுதிப்படுத்தியது. சட்டம் இருந்தும் பிரதேச செயலகப் படிகளில் சாய்தளம் இல்லையெனில் எந்த வண்டியும் அவரை உள்ளே கொண்டு சேர்க்காது என்பதை அதிகாரிகள் மனங்கொள்ள வேண்டும்.

லீசிங் கணக்கு

வாகனத்தைவிடக் கவனமாகத் தெரிவு செய்ய வேண்டியது கடனையாகும். விற்பனையாளர் "வருடத்துக்கு 15 வீதம்தான்" என்பார். அது நிலையான வீதமா, குறைந்து செல்லும் மீதிக்கான வீதமா எனக் கேட்க வேண்டும். உதாரணமாக 10 இலட்சம் ரூபாவை நான்கு வருடங்களுக்கு 15 வீத நிலையான வீதத்தில் பெற்றால், வட்டி 6 இலட்சம். மொத்தம் 16 இலட்சம். மாதத் தவணை 33,333 ரூபா. ஒவ்வொரு மாதமும் முதல் குறைந்துகொண்டே செல்ல, வட்டி மட்டும் முழுப் பத்து இலட்சத்துக்கும் அறவிடப்படுவதால், உண்மையான வருட வீதம் 25 ஐத் தாண்டுகின்றது. இக்கணக்கை அறியாமலே பலர் கையொப்பமிடுகின்றனர். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ உள்ள ஒப்பந்தத்தைத் தமிழில் விளக்கும்படி கேட்பதற்கு எவரும் வெட்கப்படத் தேவையில்லை.

லீசிங் வழங்கும் நிறுவனம் 2000 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்றதா என விசாரிக்க வேண்டும். தவணை தவறினால் அறவிடப்படும் மேலதிகக் கட்டணம், முன்கூட்டியே முடித்தால் கிடைக்கும் கழிவு, வாகனத்தைப் பறிமுதல் செய்வதற்கு முன் தரவேண்டிய அறிவித்தல் என்பவற்றை எழுத்தில் பெற வேண்டும். அறுவடைக் காலத்தில் கூடுதலாகவும் ஏனைய மாதங்களில் குறைவாகவும் செலுத்தும் தவணை முறையை விவசாயிகள் கேட்டுப் பெற முயல வேண்டும். முறைப்பாடு இருப்பின் மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் தொடர்புகள் திணைக்களத்தை நாடலாம்.

வட்டியைத் தவிர்க்க விரும்பும் முஸ்லிம் வாசகர்களுக்கு இஸ்லாமிய நிதி முறைகள் உள்ளன. 2005 இல் வங்கிச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் இதற்கு வழி திறந்தது; 2011 இல் அமானா வங்கி இயங்கத் தொடங்கியது. முராபஹாவில் நிறுவனம் வாகனத்தை வாங்கி, தனது இலாபத்தை வெளிப்படையாகக் கூறி, தவணையில் விற்கின்றது. இஜாராவில் உரிமையைத் தன்னிடம் வைத்து வாடகைக்கு விடுகின்றது. இம்முறைகளிலும் இறுதியில் செலுத்தும் மொத்தத் தொகையை ஏனையவற்றோடு ஒப்பிட்டுப் பார்ப்பது கடமையாகும். பெயர் மாறினாலும் சுமை அதிகமாயின் அது சுமையே.

பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள் அதிகமாக உள்ள எமது மாவட்டங்களில் நுண்கடன் ஏற்படுத்திய துயரம் பலரும் அறிந்தது. 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வரும் அளவுக்கு அது முற்றியிருந்தது. வாகனத்தின் முற்பணத்தை நுண்கடனால் கட்டி, மீதியை லீசிங்கால் கட்டுதல் ஒரே கழுத்தில் இரு கயிறு மாட்டுவதற்கு ஒப்பாகும்.

பழைய வாகனம் வாங்கும்போது

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை பெரிதும் உயர்ந்தது. பழையதை வாங்குவோர் பதிவுப் புத்தகத்திலுள்ள இயந்திர இலக்கத்தையும் அடிச்சட்ட இலக்கத்தையும் வண்டியிலுள்ளவற்றோடு ஒப்பிட வேண்டும். புத்தகத்தில் நிதி நிறுவனம் ஒன்றின் பெயர் உரிமையாளராக இருப்பின் கடன் இன்னும் முடியவில்லை என்பது அர்த்தமாகும். "ஓப்பன் பேப்பர்" என்று கூறிப் பெயர் மாற்றாமல் கைமாற்றும் வாகனத்தை வாங்காதிருத்தலே நன்று. நாளை விபத்து ஒன்று நேர்ந்தால் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் அது தலைவலியாகும்.

இயந்திரத்தைக் காலையில், குளிர்ந்த நிலையில், உயிர்ப்பித்துப் பார்க்க வேண்டும். விற்பவர் முன்னரே சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகக் கூறிச் செல்லலாம். நீலப் புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். நம்பிக்கையான திருத்துநர் ஒருவருக்குக் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்வது ஒருபோதும் நட்டமாகாது.

அனுமதிப்பத்திரமும் வெளிச்சமும்

லாண்ட்மாஸ்டருக்கு ஜி1, நான்குசில்லு உழவு இயந்திரத்துக்கு ஜி, முச்சக்கரவண்டிக்கு பி1 எனச் சாரதி அனுமதிப்பத்திரத்தில் வெவ்வேறு பிரிவுகள் உள்ளன. உரிய பிரிவு இல்லாமல் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைகொடுக்காது. வரி அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதியையும் காலாவதியாக விடக்கூடாது.

இரவில் பின் விளக்கின்றிச் செல்லும் பெட்டியில் மோட்டார் சைக்கிள்கள் மோதி எத்தனையோ இளைஞர்கள் மடிந்துள்ளனர். ஏ9 வீதி அகலமாகி வேகம் கூடிய பின்னர் இவ்வாபத்து மேலும் அதிகரித்துள்ளது. பெட்டியின் பின்புறத்தில் ஒளிதெறிக்கும் சிவப்பு ஒட்டிகளை ஒட்டுவதற்குச் செலவாகும் பணம் சில நூறு ரூபாக்களே.

சுருங்கக் கூறின், வயலுக்கு லாண்ட்மாஸ்டர், பல வயல்களுக்கு நான்குசில்லு இயந்திரம், நகரத்துக்கு முச்சக்கரவண்டி, நெடுவீதி வியாபாரத்துக்குப் பட்டா, சிறு வியாபாரத்துக்கு மோட்டார் சைக்கிள், மதிலுக்குள் மின்கல வண்டி என்பதே பொதுவிதியாகும். மாத வருமானத்தில் எரிபொருள், ரயர், திருத்தம், வீட்டுச் செலவு என்பவற்றைக் கழித்த பின் எஞ்சும் தொகையைவிடத் தவணை கூடுமாயின் அவ்வண்டி எவ்வளவு அழகானதாயினும் எமக்குரியதன்று. எல்லாவற்றையும் ஒரு தடவை இழந்த மக்கள் நாம். மீண்டும் ஒரு தடவை, இம்முறை ஒரு கையொப்பத்தினால், இழந்துவிடக் கூடாது என்பதே எமது வேண்டுகோளாகும்.